பூஜைக்கு வைத்த இசைத்தட்டு

நான் ஒரு சபதம் எடுத்தேன். சாதாரண சபதம் இல்லை. குளியலறையில், முகமெல்லாம் சோப்பு நுரையோடு, கையில் சவரக் கத்தியை ஓங்கிப் பிடித்துக்கொண்டு எடுத்த சபதம். கண்ணாடியில் தெரிந்த ஆள்தான் சாட்சி.

"ஜெயபாலா! இந்தத் தீபாவளிக்குள் உன் வீட்டில், உன் நாற்காலியில், நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, உன் இசைத்தட்டை இரண்டு பக்கமும் முழுசாகக் கேட்கவில்லை என்றால் நீ ஆம்பிளையே இல்லை!"

"உள்ள யாரோட பேசுறீங்க?" என்றது கதவுக்கு வெளியே ஒரு குரல்.

"யாரோடயும் இல்ல மணி. சும்மா பாடுறேன்."

"பாடினது போதும். பைப்பை மூடுங்க. தண்ணி போவுது."

மூடினேன். சபதத்தை இல்லை, பைப்பைத்தான்.

இது நடந்தது எண்பத்து மூன்றாம் வருஷம், ஈப்போ சிலிபினில். நான் ரயில்வே சரக்கு ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஆபீசில் எனக்குக் கீழே சில பேர் உண்டு. வீட்டில் எனக்கு மேலே ஒருத்திதான் உண்டு. பெயர் நவமணி. ஒன்பது மணிகளை ஒன்றாகச் சேர்த்து அடித்தால் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் நீங்கள் என் வீட்டுப் பக்கம் வரலாம். ஆனால் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வாருங்கள். எனக்கே அதில் விலக்கு கிடையாது.

இசைத்தட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால், எழுபதில், முதல் சம்பளம் கைக்கு வந்த அன்று புருஸ்டர் ரோட்டுக் கடையில் வாங்கியது. அந்த வெள்ளைக்காரக் கோஷ்டியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் வாங்குவீர்கள், உங்கள் வீட்டிலும் சண்டை வரும். அட்டையில் நாலு பேர் நிற்பார்கள். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு சீப்பு இருந்திருந்தால் படம் இன்னும் நன்றாக வந்திருக்கும். ஆனால் பாட்டு! முதல் பாட்டே கிதாரில்தான் ஆரம்பிக்கும். கண்ணாடிக் குழல் ஒன்றை விரலில் மாட்டிக்கொண்டு, கம்பியின் மேல் மேலேயும் கீழேயும் இழுப்பான். கிதார் அழும். அது அழுது முடிப்பதற்குள் பாடுகிறவன் அழ ஆரம்பித்துவிடுவான். இரண்டு பேரையும் சமாதானப்படுத்துவதுபோல் டிரம் மெதுவாக உள்ளே வரும். நான் கல்யாணம் ஆகாத நாளில், வாடகை அறையில், விளக்கை அணைத்துவிட்டு இதைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன். உலகத்திலேயே என்னைவிடச் சுகமான சோகம் யாருக்கும் கிடையாது என்று நினைப்பேன். பிறகு கல்யாணம் ஆனது. சுகம் வேறு, சோகம் வேறு என்று பிரிந்துவிட்டது.

தட்டுக்குத் தடை வந்த கதை இது. கல்யாணமான புதிதில் என் மாமனார் மாயாண்டி முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார். சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆட்களை வேலை வாங்குவதுதான் மண்டோர் வேலை, அந்தக் குரல் ஓய்வு பெறவே இல்லை. ஆட்டுக்கறி சாப்பிட்டுவிட்டு ஹாலில் பாயை விரித்துப் படுத்தார். மருமகனும் ஒரு ஆள்தான் என்று காட்ட இதைவிட நல்ல நேரம் வராது என்று எனக்குத் தோன்றியது. தட்டைச் சுழலவிட்டு, சத்தத்தை முழுசாகத் திறந்து, ஊசியை வைத்தேன்.

கிதார் அழுதது. மாமனார் துள்ளி எழுந்தார். யாருக்கோ பிரசவ வலி என்று நினைத்தாராம். வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடி, "ஆஸ்பத்திரிக்கு காடி கூப்புடுங்கப்பா!" என்று கத்தினார். வரிசை வீட்டுச் சனம் மொத்தமும் எங்கள் வாசலில் கூடிவிட்டது. பக்கத்து வீட்டுப் பாப்பா அக்கா சுடுதண்ணிச் சட்டியோடு வந்து நின்றார். விஷயம் தெரிந்ததும் மாமனார் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். கோப்பிகூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார்.

அன்றைக்கே நவமணி பாட்டுப் பெட்டியை மூடினாள். மூடியின் மேல் தானே பின்னிய பூத்துணியை விரித்தாள். துணியின் மேல் ஒரு ஜாடி வைத்தாள். ஜாடியில் பிளாஸ்டிக் ரோஜா. பன்னிரண்டு வருஷம் ஆகியும் அந்த ரோஜா வாடவும் இல்லை, வழிவிடவும் இல்லை.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். முயற்சி செய்தேன். ஞாயிற்றுக்கிழமை அவள் மார்க்கெட்டுக்குப் போவாள். நான் ரோஜாவைத் தூக்குவேன். அவள் திரும்பி வருவாள். ஒரு நாள் பையை மறந்திருப்பாள், ஒரு நாள் குடையை மறந்திருப்பாள். அவள் எதை மறந்தாலும் வீட்டில் நான் தனியாக இருப்பதை மட்டும் மறக்க மாட்டாள். போன மாசம் புது ஊசி ஒன்று வாங்கி, டிபன் கேரியரின் அடித்தட்டில் ஒளித்துக் கொண்டுவந்தேன். மறுநாள் பார்த்தால் காணோம். கேட்கவும் முடியாது. எதைக் காணோம் என்று கேட்பது?

இப்படி நான் திணறிக்கொண்டிருந்தபோதுதான் என் மகள் மங்களம் எனக்கு வழி காட்டினாள். அன்று வெள்ளிக்கிழமை. ஆபீஸ் விட்டு வருகிறேன். பிள்ளை தன் பாடப் புத்தகங்களை எல்லாம் அடுக்கி, கணக்குப் புத்தகத்தை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்து, செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு பக்தி.

"என்னம்மா பண்றே?"

"நாளைக்கு ஆயுத பூஜைப்பா. புத்தகமெல்லாம் சாமிக்கு வெக்கிறேன். வெச்சிட்டா யாரும் தொடக் கூடாது. படிக்கவும் கூடாது."

"அப்புறம்?"

"நாளான்னிக்கு விஜயதசமி. எடுத்துப் படிச்சே ஆகணும். படிக்காட்டி சாமி குத்தமாம். அம்மா சொன்னாங்க."

நான் அப்படியே நின்றுவிட்டேன். எடுத்தே ஆகணும். இல்லாவிட்டால் சாமி குத்தம். அதுவும் அம்மாவே சொன்னது. என் பாட்டுப் பெட்டியையும் தட்டையும் பூஜையில் வைத்துவிட்டால்? ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைப் போட்டே ஆகவேண்டும்! நவமணி தடுத்தால் அவள் தடுப்பது என்னை இல்லை, சரஸ்வதியை! நாலு வெள்ளைக்காரப் பையன்களுக்குத் துணையாகச் சாமியையே கொண்டுவந்து நிறுத்திய மூளை பேராக் மாநிலத்தில் வேறு யாருக்காவது இருக்குமா? என்னை நானே தட்டிக்கொடுக்க முதுகு எட்டவில்லை, அதனால் தோளோடு நிறுத்திக்கொண்டேன்.

நேரே சமையலறைக்குப் போனேன். நவமணி சுண்டலுக்குக் கடலை ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"மணி, நாளைக்கு ஆயுத பூஜை."

"தெரியும். காலண்டர் தாளை நான்தான் கிழிக்கிறேன்."

"பக்கத்து வீட்டுப் பத்துமலை அண்ணே லோரிக்குப் பூஜை போடுவாரு."

"போடட்டும்."

"நீ தையல் மெசினுக்குப் பொட்டு வெப்பே."

"வெப்பேன்."

"நான் என்னத்தை வெக்கிறது?"

"போன வருசம் ஆபீசு பேனா வெச்சீங்க. அதையே வெய்யிங்க."

"பேனா அலுத்துப் போச்சு மணி. இந்த வருசம் என் பாட்டுப் பெட்டியை வெக்கலாம்னு பாக்குறேன். கூடவே அந்தப் பிளேட்டு."

கடலை அளந்துகொண்டிருந்த கை நின்றது.

"அது என்னா ஆயுதமா?"

"சரஸ்வதி கையில என்னா இருக்கு? வீணை. அது ஆயுதமா?"

"வீணையை அவ வாசிக்கிறா. நீங்க என்னத்தை வாசிக்கிறீங்க? பேப்பர்!"

இதற்கெல்லாம் தளர்ந்துவிடுவேனா? நான் தயாராக வந்திருந்தேன். குரலைத் தாழ்த்தினேன். கண்ணில் கொஞ்சம் ஈரம் வரவழைத்தேன்.

"அந்தப் பாட்டு எங்க பொறந்திச்சுன்னு உனக்குத் தெரியுமா மணி? அமெரிக்காவுல, பருத்தித் தோட்டத்துல. நம்ம சனம் இங்க பால்மரம் வெட்டின மாதிரி, அங்க கறுப்பு சனம் பருத்தி எடுத்திச்சு. வெயிலு கொளுத்தும். மண்டோர் நின்னு திட்டுவான். அந்தக் கஷ்டத்துல வேலை செஞ்சிக்கிட்டே பாடுனாங்க. அதுக்குப் பேருதான் ப்ளூஸ். அதைக் கேட்டுத்தான் இந்தப் பசங்க கிதாரைக் கையில எடுத்தானுங்க. தோட்டத்துல பொறந்த உனக்கு இது புரியலைன்னா வேற யாருக்கு மணி புரியும்?"

நவமணி என்னையே பார்த்தாள். பன்னிரண்டு வருஷத்தில் என்னை அவள் இப்படி ஆர்வமாகப் பார்த்ததில்லை.

"வேலை செஞ்சிக்கிட்டே பாடுனாங்களா?"

"ஆமா மணி."

"மத்தவங்க வேலை செஞ்சிக்கிட்டே கேட்டாங்களா?"

"வேற எப்படி? ஆமா!"

"பாவம்" என்றாள். கடலையை மூடி வைத்தாள். "சரி, வெச்சுக்குங்க."

என் காதையே நான் நம்பவில்லை. ஆனால் புத்திசாலி அரைகுறையாக விடமாட்டான் இல்லையா? முடிச்சை இறுக்கினேன்.

"ஒண்ணு சொல்லிட்டேன் மணி. பூஜையில வெச்சதை மறுநாள் எடுத்துத் தொடங்கியே ஆகணும். அது முறை. அப்புறம் நீ வேணாம்னு சொல்லக் கூடாது."

"அப்படியா? எனக்கு அவ்வளவு வெவரம் தெரியாதுங்க. யாரையாச்சும் கேப்போமா?"

வேலிக்கு அந்தப் பக்கம் பத்துமலை அண்ணே லோரி கழுவிக்கொண்டிருந்தார். மனைவி பாப்பா அக்கா அதட்டினால் லோரிக்குள் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொள்கிற சுபாவம். ஆனால் ஆயுத பூஜை என்று வந்துவிட்டால் அவர் சொல்வதுதான் எங்கள் வரிசையில் சட்டம். நவமணியே வேலி ஓரம் போய்க் கேட்டாள்.

"அண்ணே, பூஜையில வெச்ச சாமானை மறுநாள் எடுத்துத்தான் ஆகணுமா?"

"என்னாம்மா அப்படிக் கேக்குறே? எடுக்காம வுட்டா அது பெரிய தப்பு லா! ஒரு வருசம் நான் காச்சல்னு படுத்துட்டேன், லோரியை எடுக்கல. அப்புறம் தாப்பா ரோட்டுல டயரு வெடிச்சுது, பீடோர் ரோட்டுல பிரேக்கு போச்சு."

"யாரு பேருல வெச்சமோ அவங்களேதான் எடுக்கணும், இல்லையாண்ணே?"

"அவங்களேதாம்மா. வேற ஆளு எடுத்தா செல்லாது."

நவமணி என் பக்கம் திரும்பினாள். "நீங்களும் கேட்டுக்கிட்டீங்கல்ல?"

"கேட்டுக்கிட்டேன்!" என்றேன். "அண்ணே சொன்னா சொன்னதுதான். மாத்திப் பேசுறவன் மனுசன் இல்ல."

இந்த வாக்கியத்தை நான் சொல்லாதபடி யாராவது என் வாயைப் பொத்தியிருக்கலாம். யாரும் பொத்தவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பூஜை. ரோஜா ஜாடி தன் இடத்தை விட்டு இறங்கிய காட்சியைப் பார்க்க எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டுப் பெட்டியைத் துடைத்து, சந்தனம் தடவி, நடுவில் வைத்தாள் நவமணி. தட்டின் அட்டையைச் சரஸ்வதி படத்தில் சாய்த்து வைத்து, நாலு பையன்களுக்கும் நெற்றியில் ஒவ்வொரு பொட்டாக வைத்தாள். டிரம் அடிக்கிறவன் முகத்தில் விபூதியும் கொஞ்சம் விழுந்தது. முடி இறக்க நேர்ந்துகொண்டு மறந்துபோனவன் மாதிரி இருந்தான். மங்களத்தின் புத்தகக் கட்டு ஒரு பக்கம், தையல் மெஷின் ஒரு பக்கம்.

மூலையில் ஏதோ ஒரு குவியல் இருந்தது. என் பழைய வேட்டியைப் போட்டு மூடியிருந்தாள்.

"அது என்னா மணி?"

"வீட்டுச் சாமான்தாங்க. அதுக்கும் ஒரு பொட்டு."

"வெய்யி, வெய்யி. நல்லா வெய்யி" என்றேன். பெரிய மனசு எனக்கு.

சூடம் காட்டும்போது அவள் ஏதோ முணுமுணுத்தாள். உற்றுக் கேட்டேன். என் பெயர்! கூடவே நட்சத்திரம்! அவள் என் பெயரைச் சொல்லித் திரும்பத் திரும்பக் கும்பிட்டதைக் கண்டு எனக்கு அவள்மேல் இரக்கமே வந்துவிட்டது. இவளையா ஏமாற்றுகிறோம் என்று மனசு உறுத்தியது. சுண்டல் வந்ததும் உறுத்தல் போய்விட்டது.

ஞாயிறு விடிந்தது. குளித்தேன். சலவை வேட்டி கட்டினேன். என் பிரம்பு நாற்காலியை ஹாலின் நடுவில் இழுத்துப் போட்டேன். கால் நீட்ட ஒரு முக்காலி. பக்கத்தில் கோப்பி. மங்களம் கணக்குப் புத்தகத்தைப் பிரித்து, ஒரு பக்கம் படித்து, மூடி, விளையாட ஓடினாள். நவமணி தையல் மெஷினில் ஒரு கைக்குட்டையின் ஓரத்தை மடித்து அடித்துவிட்டு எழுந்தாள். வெளியே பத்துமலை அண்ணே எலுமிச்சம்பழத்தின் மேல் லோரியை ஏற்றிக்கொண்டு போனார்.

இனி என் முறை. பாட்டுப் பெட்டியைத் தூக்கி வந்து மேசையில் வைத்தேன். நவமணி ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினாள்.

"இந்தாங்க உங்க ஊசி. டிபன் கேரியர்ல கெடந்துச்சு."

அப்போதாவது நான் சுதாரித்திருக்க வேண்டும். ஆனால் ஊசி கையில் இருக்கும்போது மனுஷனுக்கு வேறு நினைப்பு வருமா? மாட்டினேன். தட்டை உறையிலிருந்து உருவினேன். கறுப்பாக, பளபளப்பாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது.

"பொறுங்க" என்றாள் நவமணி. "அதையும் சேத்து எடுத்துக்குங்க."

மூலைக்குப் போய் வேட்டியை உருவினாள்.

அங்கே ஒரு சங்குள் இருந்தது. மண் வெட்டுகிற அந்தச் சங்குளுக்குச் சந்தனம் வைத்திருந்தது. பக்கத்தில் புல் வெட்டுகிற கத்தி, அதற்கும் சந்தனம். பெயிண்ட் டின், பிரஷ், பிரஷின் பிடியில் குங்குமம். சுத்தியல், ஆணிப் பொட்டலம். எல்லாவற்றுக்கும் அடியில் கிடத்தியிருந்த ஏணிக்கு மாலையே போட்டிருந்தாள்.

"இதெல்லாம் என்னா?"

"உங்க ஆயுதம்."

"என்னோடதா?"

"உங்க பேரைச் சொல்லித்தானே சூடம் காட்டினேன்? பக்கத்துல நின்னு கும்புட்டீங்களே."

"ஏய், நான் பாட்டுப் பெட்டிக்குத்தான்..."

"பூஜையில வெச்சதை எடுத்தே ஆகணுமாம். யாரு பேருல வெச்சதோ அவங்களேதான் எடுக்கணுமாம். அண்ணே சொன்னாரு. மாத்திப் பேசுறவன் மனுசன் இல்லையாம். அதைச் சொன்னது அண்ணே இல்ல."

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். தீபாவளிக்கு இன்னும் மூணு வாரம். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்லி அவள் போன தீபாவளியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். பின்னால் லாலாங் புல் ஜன்னல் வரைக்கும் வளர்ந்து உள்ளே எட்டிப் பார்க்கிறது. நானும் நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லி வந்தேன். ஆனால் மூளை இருக்கிறதே! சட்டென்று ஒரு வழி தெரிந்தது.

"சரி" என்றேன் சிரித்தபடி. "முறைன்னா முறைதான். மங்களம் ஒரு பக்கந்தான் படிச்சா. நீ ஒரு ஓரந்தான் தச்சே. நானும் சங்குளை எடுத்து ஒரே ஒரு வெட்டு வெட்டுறேன். சுவத்துல ஒரு இழுப்பு இழுக்குறேன். சாமிக்கு அது போதும்."

"போதும்தான்" என்றாள். "அப்ப பிளேட்டும் ஒரு சுத்து சுத்தினா போதும்."

கோப்பியில் ஈ விழுந்தது.

"ஒரு சுத்தா?"

"ஒரே சுத்து. அப்புறம் மூடி வெச்சிடலாம். ரோசாப்பூ ரெடியா இருக்கு. இல்ல, பிளேட்டை முழுசாத்தான் ஓட்டணும்னா, எல்லாத்தையும் முழுசாத்தான் ஓட்டணும். சாமிக்கு முன்னால ஒண்ணுக்கு ஒரு முறை, இன்னொண்ணுக்கு ஒரு முறையா?"

நான் தட்டைப் பார்த்தேன். சங்குளைப் பார்த்தேன். ரோஜாவைப் பார்த்தேன்.

"முழுசாவே ஓட்டுவோம்" என்றேன். "ஆனா மொதல்ல பாட்டு. உக்காந்து கேட்டுட்டு, அப்புறம் வேலை."

"அதெப்படிங்க?" என்றாள். உண்மையிலேயே வருத்தமாக இருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டாள். "நீங்கதானே சொன்னீங்க? அது தோட்டத்து வேலைக்காரங்க பாட்டு. வெயில்ல வேலை செஞ்சிக்கிட்டே கேட்ட பாட்டு. பிரம்பு நாக்காலியில கால் மேல கால் போட்டுக் கேட்டா அந்தச் சனத்துக்கு மரியாதையா? எங்கம்மா பால்மரம் வெட்டினவங்க. எனக்கு மனசு கேக்கலைங்க."

சலவை வேட்டியை அவிழ்த்துவிட்டுக் காற்சட்டை போட்டுக்கொண்டேன்.

முதல் வெட்டு நான் வெட்டியதும், ஜன்னல் வழியாக முதல் கிதார் வந்தது. ஊசியை வைத்தது நவமணி. வேற ஆளு எடுத்தா செல்லாது என்ற சட்டம் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இது செல்லுமா என்று அவளிடம் கேட்டேன்.

"ஜன்னல்கிட்ட வாங்க, கையைக் கொடுங்க" என்றாள். என் விரலை ஊசிக்கையின் மேல் ஒரு தடவை தொடவைத்தாள். "எடுத்தாச்சு. போயி வெட்டுங்க."

பன்னிரண்டு வருஷம் கழித்து அந்தப் பாட்டைக் கேட்டேன். கையில் சங்குளோடு கேட்டேன். வாடகை அறையில் படுத்துக்கொண்டு கேட்டபோது கிதார் மட்டும்தான் எனக்குக் கேட்டிருக்கிறது. இப்போது அதற்கு அடியில் கனமாக ஒன்று நடந்து வருவது கேட்டது. பேஸ் என்கிற அடித் தந்திக் கிதார். அவசரமே இல்லாமல், ஒரே நிதானத்தில், போய்க்கொண்டே இருந்தது. என் சங்குள் தானாகவே அந்த அடிக்கு விழுந்தது. விழுந்து, எழுந்து, விழுந்து. லாலாங் புல் வேரோடு சாய்ந்தது. இந்தப் பாட்டை நான் இத்தனை நாள் பாதிதான் கேட்டிருக்கிறேன் என்று எனக்குப் புரிந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒரு பாட்டு நேரத்துக்கு.

பிறகு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"பக்கம் முடிஞ்சிருச்சு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "திருப்பிப் போட்டுட்டேன். நீங்க நிறுத்தாதீங்க."

எட்டிப் பார்த்தேன். என் பிரம்பு நாற்காலியில் நவமணி சாய்ந்திருந்தாள். என் முக்காலியில் அவள் கால். கையில் என் கோப்பி. கால் கட்டைவிரல் டிரம்முக்குச் சரியாக ஆடிக்கொண்டிருந்தது.

நான் ஏணியில் ஏறிப் பெயிண்ட் அடிக்க ஆரம்பித்த நேரம் பார்த்து வாசலில் ஒரு செருமல் கேட்டது. மாமனார்! சுங்கை சிப்புட்டிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார். பாட்டோ உச்சத்தில் இருந்தது. கிதாரும் பாடகனும் போட்டி போட்டுக்கொண்டு கதறினார்கள். கிழவர் மறுபடி காடி கூப்பிடப் போகிறார், நவமணி பயந்து பாட்டை நிறுத்துவாள், வேலையும் நிற்கும் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை துளிர்த்தது.

மாமனார் பாட்டைக் கேட்டார். ஏணியைப் பார்த்தார். ஏணியில் என்னைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன்.

"அட! மாப்பிள்ளை வேலை செய்யிறாரே!" என்றார். "என்னாம்மா இது, எந்தப் பாட்டு?"

"அவரோட பாட்டுத்தாம்பா. இதைப் போட்டாத்தான் அவருக்குக் கை ஓடுது."

"நல்ல பாட்டா இருக்கே லா! நான் மண்டோரா இருந்தப்ப இது கெடைக்காம போச்சே!"

நாற்காலியை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்தார். குடையை ஊன்றிக்கொண்டார். அப்புறம் நான் பாட்டைக் கேட்கவில்லை, அவரைத்தான் கேட்டேன். "மாப்ள, மூலையில வெள்ளை தெரியுது." "மாப்ள, பிரஷ்ஷைக் கீழேருந்து மேல இழுங்க." "மாப்ள, பாட்டு ஓடுது, கை நிக்குது பாருங்க."

பாட்டு முடிந்தால் வேலையும் முடியும் என்று ஒரு நினைப்பு வைத்திருந்தேன். தட்டு முடிய முடிய நவமணி திருப்பித் திருப்பிப் போட்டாள். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. பொழுது சாய்ந்தபோது முன்சுவர் பச்சை, பக்கச் சுவர் பச்சை, நானும் பச்சை. தள்ளாடிக்கொண்டே உள்ளே வந்து, பெயிண்ட் கறையோடு, என் நாற்காலியில் விழுந்தேன்.

"இப்ப போடு மணி" என்றேன். "ஒரு தடவை. உக்காந்து கேக்குறேன்."

"தாராளமா" என்றாள் அவள். "பின்பக்க வேலி சாஞ்சு கெடக்கு. சுத்தியலு இன்னும் எடுக்கவே இல்லையே."

வேண்டாம் என்று கையைக் காட்டினேன். ரோஜா தன் இடத்துக்குத் திரும்பியது.

அடுத்த வாரம் ஆபீசிலிருந்து வரும்போது வாசலில் பாப்பா அக்கா நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் என் இசைத்தட்டு! அட்டையில் பொட்டுகூட அழியவில்லை.

"நவமணிகிட்ட கேட்டு வாங்கிக்கிட்டேன் தம்பி" என்றார். "எங்க வீட்டுல கூரைத் தகரம் ஒழுகி ரெண்டு வருசமாச்சு. எங்க ஆளு லோரியை வுட்டு எறங்க மாட்டேங்கிறாரு. இந்தப் பிளேட்டைப் போட்டுப் பாக்குறேன்."

என்னால் தடுக்க முடியவில்லை. சிரித்து வைத்தேன்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. நவமணி சமையலறையில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். நான் என் நாற்காலியில், சும்மா, ஜன்னலைப் பார்த்தபடி இருந்தேன். திடீரென்று பக்கத்து வீட்டிலிருந்து அந்தக் கிதார் கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் தகரத்தில் சுத்தியல் அடிக்கிற சத்தமும் கேட்டது. பாவம் பத்துமலை அண்ணே. டயரு வெடித்த கதையை இனி யாரிடமும் சொல்ல மாட்டார்.

சட்டென்று நிமிர்ந்தேன். பாட்டு அங்கே, வேலையும் அங்கே. நாற்காலி இங்கே! தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறது. இதோ, என் வீட்டில், என் நாற்காலியில், இரண்டு பக்கமும் முழுசாக, ஒரு துரும்பைக்கூட அசைக்காமல் கேட்கப்போகிறேன். சபதம் நிறைவேறப்போகிறது. முக்காலியை இழுத்துக் காலை நீட்டினேன். கண்ணை மூடினேன். கிதார் அழுதது. அடித் தந்தி அவசரமில்லாமல் நடந்து வந்தது. சொர்க்கம்!

"ஏங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "பாட்டு கேக்குதா?"

"நல்லாக் கேக்குது மணி!" என்றேன், கண்ணைத் திறக்காமலே.

"அப்புறம் என்னா உக்காந்துக்கிட்டு இருக்கீங்க? ஒட்டறைக் கம்பு கதவுக்குப் பின்னால இருக்கு."